மறைந்துபோன பனியுக ஏரிகள்: எல்லைப்புறத்து வகுப்பறையில் கேட்கப்பட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்

ஆந்திர எல்லையில் தடா, சூளூர்ப்பேட்டை, ஆரம்பாக்கம் பகுதிப் பிள்ளைகளுக்கு நான் பல ஆண்டுகள் தமிழில் புவியியல் கற்பித்திருக்கிறேன். பனியுகப் பாடம் வரும்போதெல்லாம், நம் வெயிலுக்கும் பனிக்கட்டிக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியில் தொடங்கி, பழவேற்காட்டு ஏரியில் வந்து முடியும் கேள்விகள் ஏராளமாக எழும். பிள்ளைகள் மட்டுமல்லாமல், அவர்களுடைய பெற்றோரும், ஏரியில் படகு ஓட்டுவோரும் கேட்ட கேள்விகளையும் சேர்த்து, அவற்றுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்.

பனியுக ஏரி என்றால் என்ன?

ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் குளிர் உச்சத்தில் இருந்தது. வட அமெரிக்காவின் வடபாதியையும் வட ஐரோப்பாவையும் கிலோமீட்டர்க் கணக்கில் தடித்த பனிப்படலம் மூடியிருந்தது. பிறகு வெப்பம் கூடி அந்தப் பனி உருகிப் பின்வாங்கியபோது, உருகிய நீர் ஓடிப்போக வழியில்லாத இடங்களில் தேங்கிப் பேரேரிகள் உண்டாயின. பல இடங்களில் பனிப்பாறையே ஆற்றுக்குக் குறுக்கே படுத்து அணையாக நின்றது. அந்த அணை உருகியதும் ஏரியும் போய்விட்டது.

இவற்றோடு இன்னொரு வகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பனியே எட்டாத வறண்ட நாடுகளில், குளிரால் நீர் ஆவியாவது குறைந்தும் மழைக்காற்றின் பாதை மாறியும் நிரம்பிய ஏரிகள் அவை. இவ்விரண்டு வகையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது பரவலாகக் காணப்படும் பிழை. அணை கட்டி நின்ற ஏரி உடைந்து சாகும். மழையால் நிரம்பிய ஏரி பெரும்பாலும் வற்றிச் சாகும். இரண்டும் நிலத்தில் விட்டுச்செல்லும் தடயங்கள் வேறு வேறானவை.

நீரே இல்லாத இடத்தில், ஒரு காலத்தில் ஏரி இருந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம்மைவிடத் தகுதியானவர்கள் குறைவு என்றே நான் நினைக்கிறேன். ஏனெனில் ஏரி என்றால் கரை, மதகு, கலங்கல் என்று சேர்த்தே அறிந்தவர்கள் நாம். ஏரி நிரம்பினால் நீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதைக் கலங்கல்தான் முடிவு செய்கிறது. அந்த மட்டத்துக்கு மேல் வரும் நீர் வழிந்து ஓடிவிடும். ஆகவே, நிரம்பிய ஏரியின் அலை ஆண்டுதோறும் ஒரே மட்டத்தில் கரையை அடித்து, அங்கே ஒரு கோட்டை வரைந்துவிடுகிறது. சித்திரை, வைகாசியில் வற்றிக் கிடக்கும் ஏரிக்குள் இறங்கி நின்று சுற்றிலும் பாருங்கள். கரையின் உட்பக்கத்தில், செத்தையும் நண்டுவளையும் கூழாங்கல்லும் ஒதுங்கிய வரி, கலங்கல் கல்லின் மட்டத்துக்குச் சரியாக எதிரில் செல்வதைக் காணலாம்.

புவியியலாளர்கள் மலைச்சரிவுகளில் தேடுவதும் இதைத்தான். சரிவைச் சுற்றிலும் ஒரே உயரத்தில் ஓடும் படி போன்ற கோடு இருக்கிறதா, அதே உயரத்தில் எங்கேனும் ஒரு கணவாய் கலங்கலாக இருந்திருக்கிறதா, அந்தக் கணவாய்க்கு அப்பால் இன்று ஓடும் சிற்றோடைக்குப் பொருந்தாத அளவில் அகன்ற பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இவற்றோடு அடியில் படிந்த நுண்ணிய வண்டலும், ஆறு வந்து கலந்த இடத்தில் விசிறிபோல் பரவிய சரளையும் சேர்ந்துவிட்டால், ஏரியின் வரைபடத்தையே போட்டுவிடலாம்.

அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல முடியுமா?

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் கிளென் ராய் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் இரு பக்கச் சரிவுகளிலும், கடல் மட்டத்திலிருந்து 260, 325, 350 மீட்டர் உயரங்களில், நூல் பிடித்து வரைந்தாற்போல் மூன்று கோடுகள் பல கிலோமீட்டர் தொலைவுக்கு ஓடுகின்றன. ஒவ்வொன்றும் வண்டிப்பாதை அளவுக்கு அகலமானது. பழங்கதைகளின் வீரர்கள் வேட்டைக்காகப் போட்ட சாலைகள் என்று அவ்வூர் மக்கள் நம்பினார்கள். இணைச்சாலைகள் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

சார்லஸ் டார்வின் 1838இல் அங்கே சென்று பார்த்து, இவை பழைய கடற்கரைகள் என்று 1839இல் எழுதினார். தென் அமெரிக்காவில் கடற்கரைகள் உயர்ந்து நிற்பதை நேரில் கண்டவர் என்பதால் அவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஏரியாக இருந்திருக்கலாம் என்பதை அவர் ஏற்காததற்கு ஒரு நியாயமான காரணமும் இருந்தது: பள்ளத்தாக்கின் வாயை அடைத்த கரை எங்கே என்று அவர் தேடினார், அதன் சுவடே கிடைக்கவில்லை. 1840இல் அங்கே வந்த சுவிட்சர்லாந்து அறிஞர் லூயி அகாசிஸ், தம் நாட்டில் பனிப்பாறைகள் ஓடைகளை மறித்து ஏரியாக்குவதைப் பார்த்துப் பழகியவர். கரை இருந்தது, அது பனிக்கட்டியால் ஆனது, உருகிப் போய்விட்டது என்று அவர் சொன்னார். பிற்காலத்தில் டார்வினும் தம் விளக்கம் பெருந்தவறு என்று ஒப்புக்கொண்டார்.

மூன்று கோடுகள் ஏன்? பனி முன்னேறிப் பின்வாங்கியபோது, வெவ்வேறு உயரத்தில் இருந்த மூன்று கணவாய்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டும் திறக்கப்பட்டும் வந்தன. கலங்கல் மாறியது, நீர்மட்டமும் அதற்கேற்ப மாறியது. ஏறத்தாழ 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் முடியும் தறுவாயில் திடீரென்று திரும்பி வந்த கடுங்குளிர்க் காலகட்டத்தில் இது நடந்தது.

பனிக்கட்டி எப்படிக் கரையாக நிற்கும்? உடையாதா?

உடையும். ஆனால் நாம் எதிர்பார்க்கும் விதத்தில் உடையாது. மண் கரையை நீர் மேலே வழிந்து அரித்து உடைக்கிறது, அல்லது எலிவளை வழியாகக் கசிந்து உடைக்கிறது. பனிக்கரைக்கு இன்னொரு பலவீனம் உண்டு: அது மிதக்கக் கூடியது. மீன் பெட்டியில் போடும் ஐஸ் கட்டியைத் தண்ணீரில் போட்டால் பத்தில் ஒன்பது பங்கு மூழ்கி ஒரு பங்கு வெளியே நிற்பதைப் படகுக்காரர்கள் அனைவரும் அறிவார்கள். அதேபோல், அணையின் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு உயரத்துக்கு நீர் ஏறும்போது, பனியணை அடித்தளத்தை விட்டுக் கிளம்பத் தொடங்கும். நீர் அடியில் புகுந்து சுரங்கம் அறுக்கும். சுரங்கம் பெரிதானதும் ஏரி முழுவதும் சில நாட்களில் வெளியேறிவிடும். பிறகு பனி மீண்டும் முன்னேறி வாயை அடைக்க, ஏரி மறுபடியும் நிரம்பும்.

அப்படி உடைந்த ஏரிகளில் பெரியது எது?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருந்த மிசூலா ஏரியின் கதையைத்தான் நான் எப்போதும் விரிவாகச் சொல்வேன். பரப்பில் அதைவிடப் பெரிய ஏரிகள் இருந்தன. ஆனால் உடைப்பின் வேகத்தில் அதற்கு ஈடு சொல்லக்கூடியவை மிகக் குறைவு. கிளார்க் ஃபோர்க் ஆற்றின் குறுக்கே பனி படுத்ததால் உண்டான அந்த ஏரி, அணையருகே சுமார் 600 மீட்டர் ஆழம் கொண்டிருந்தது. 2,000 கன கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீர் அதில் இருந்தது. இன்று மிசூலா நகரம் இருக்கும் இடத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர் நீர் நின்றது. அந்நகரத்தை ஒட்டிய குன்றுகளின் புல்வெளியில், மாலை வெயில் சாய்ந்து விழும்போது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நீர்க்கோடுகள் படிக்கட்டுபோல் தெரியும்.

அணை உடைந்தபோது அந்த நீர் மேற்கே வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பாய்ந்து, மண்ணை வழித்தெடுத்துக் கரிய எரிமலைப் பாறையை அறுத்து, வறண்ட பள்ளங்களின் வலைப்பின்னலை விட்டுச் சென்றது. அங்கே 120 மீட்டர் உயரமும் 5 கிலோமீட்டருக்கு மேல் அகலமும் கொண்ட ஒரு பாறை விளிம்பு இருக்கிறது. உலர் அருவி என்று பொருள்படும் பெயரால் அதை அழைக்கிறார்கள். இன்று அதில் ஒரு சொட்டு நீர் விழுவதில்லை.

இந்த நிலத்தைப் படித்தவர் ஜே ஹார்லன் பிரெட்ஸ். சியாட்டில் நகரத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு புவியியலாளராக ஆனவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி அன்பு உண்டு. மாபெரும் வெள்ளம் ஒன்றுதான் இதையெல்லாம் வெட்டியது என்று அவர் 1923இல் எழுதினார். நிலம் மெல்ல மெல்லவே மாறுகிறது என்ற கொள்கையில் ஊறியிருந்த மூத்த அறிஞர்கள், 1927இல் வாஷிங்டன் நகரில் கூட்டம் கூட்டி அவரை மறுத்தார்கள். அவர்களில் பலர் அந்த இடத்தை நேரில் பார்த்ததே இல்லை. இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அப்போது பிரெட்ஸிடம் நிறைவான பதில் இல்லை.

பதிலைத் தந்தவர் ஜோசப் பார்டி என்ற புவியியலாளர். மிசூலா ஏரியைப் பற்றி 1910இலேயே எழுதியிருந்த அவர், அந்த ஏரிப்படுகையில் உள்ள கேமஸ் பிரெய்ரி என்ற சமவெளியில், ஓடும் நீர் மணலில் வரையும் அலைவரிகளைப் போன்ற வரிகள் இருப்பதை 1942இல் விவரித்தார். நம் ஓடை மணலில் அந்த வரிகள் விரல் உயரம் இருக்கும். அங்கே அவை பல மீட்டர் உயரத்தில், சரளைக்கல்லால் ஆன மேடுகளாக இருக்கின்றன. அவற்றின்மேல் நின்று பார்ப்பவருக்கு அவை வரிகள் என்றே தெரியாது. மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஏரி மெல்ல வற்றியிருந்தால் இவ்வரிகள் உண்டாகியிருக்க முடியாது. பிரெட்ஸுக்கு 1979இல், தம் 96ஆம் வயதில், அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் பென்ரோஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

ஒரே ஒரு வெள்ளம்தானா, பல வெள்ளங்களா?

பல. 1926இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாசனக் கால்வாயின் நீரை அவசரமாக வேறு பள்ளத்தில் திருப்பிவிட்டார்கள். சில நாட்களிலேயே அந்த நீர் மென்மையான வண்டலை ஆழமாக அறுத்து, செங்குத்தான சுவரைத் திறந்து காட்டியது. அந்தச் சுவரில் ஏறத்தாழ 40 அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அடியில் பருமணலாகத் தொடங்கி மேலே நுண்மண்ணாக முடிகிறது. வெள்ளம் பள்ளத்தாக்கில் ஏறித் தேங்கி அமைதியடைந்ததன் பதிவு அது. இரண்டு அடுக்குகளுக்கு இடையே எரிமலைச் சாம்பலும் படிந்திருப்பதால், ஒரு வெள்ளத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நிலம் காய்ந்து கிடந்தது என்பது உறுதியாகிறது.

மிகப் பரந்த ஏரி எது? அது இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

கனடாவின் நடுப்பகுதியிலும் அமெரிக்காவின் வடக்கிலும் பரவியிருந்த அகாசிஸ் ஏரி. கிளென் ராயின் புதிரை விடுவித்த அதே அறிஞரின் பெயரை, 1879இல் வாரன் அப்ஹாம் என்ற புவியியலாளர் அதற்கு இட்டார். இன்றைய வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதன் பரப்புக்கு ஈடாகாது. இப்போதுள்ள வின்னிபெக், மனிடோபா ஏரிகள் அதன் மிச்சங்கள்.

அந்த ஏரியின் தரை இன்று ரெட் ஆற்றுச் சமவெளி. கண்ணுக்கு எட்டியவரை பலகைபோல் தட்டையான, கோதுமையும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் விளையும் கறுப்பு மண். ஏரி வண்டலை வண்டி வண்டியாக எடுத்து வயலில் கொட்டும் நம் வழக்கத்தை நினைத்துப் பார்த்தால், அந்த மண்ணின் வளத்துக்கு விளக்கம் தேவைப்படாது. ஆனால் அதே தட்டைத்தன்மை தீங்காகவும் முடிகிறது. ரெட் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. இளவேனிலில் தெற்கே பனி உருகும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்தே இருக்கும். சரிவும் மிகக் குறைவு. நீர் பழைய ஏரித்தரையில் பரவி நிற்கிறது. 1997இல் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகர மக்கள் பெரும்பாலோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஏரி உள்வாயில் வீட்டுமனை போட்டால் என்ன நடக்கும் என்பதைச் சென்னையைச் சுற்றியுள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சமவெளியின் ஓரங்களில் நீளமான மணல்மேடுகள் ஓடுகின்றன. அவை அந்த ஏரியின் பழைய கரைகள். ஈரமில்லாத மேட்டுநிலம் என்பதால் முற்காலத்தில் வண்டித்தடங்களும் அவற்றின் மேலேயே அமைந்தன.

மழையால் நிரம்பிய ஏரிக்கு எடுத்துக்காட்டு என்ன?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த பொன்னவில் ஏரி. இன்றைய பெரிய உப்பு ஏரி அதன் அடிக்கசடு என்றே சொல்லலாம். குரோவ் கார்ல் கில்பர்ட் என்பவர் அதை ஆராய்ந்து 1890இல் விரிவான நூலாக வெளியிட்டார். அந்த ஏரி 300 மீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டிருந்தது. சால்ட் லேக் சிட்டி நகரத்தின் பின்புற மலைகளில் அதன் கரைக்கோடுகள் இன்றும் வீட்டு மாடியிலிருந்தே தெரிகின்றன.

இந்த ஏரியின் கலங்கல் முதலில் பொலபொலத்த மண்ணும் சரளையுமாக இருந்தது. ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் நீர் அதன்மேல் வழியத் தொடங்கியதும், மண் அரித்துக்கொண்டே போய், நீர்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது. அடியில் கெட்டிப் பாறை வந்த பிறகுதான் அரிப்பு நின்றது. அந்த மட்டத்தில் ஏரி நெடுங்காலம் நின்று இரண்டாவது கோட்டை வரைந்தது. கலங்கலைக் கருங்கல்லால் கட்ட வேண்டும் என்று நம் முன்னோர் ஏன் வற்புறுத்தினார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. பிறகு காலநிலை வறண்டு, நீர் ஆவியாகி, உப்பு மட்டும் எஞ்சியது. கார்களின் வேகச் சாதனை ஓட்டங்கள் நடக்கும் வெண்மையான உப்புத் தரை அப்படி எஞ்சியதுதான்.

கரைக்கோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்றீர்கள். சில இடங்களில் சாய்ந்திருப்பதாகப் படித்தேனே?

சரியாகப் படித்திருக்கிறீர்கள். கோடு வரையப்பட்டபோது மட்டமாகத்தான் இருந்தது. பிறகு நிலமே அசைந்தது. பெருஞ்சுமை ஏறினால் பூமியின் மேலோடு கீழே அமிழும். சுமை இறங்கினால் மெல்ல எழும். பொன்னவில் ஏரியின் நடுப்பகுதியில் தீவுகளாக நின்ற மலைகளில் உள்ள கரைக்கோடு, ஏரி ஓரத்தில் உள்ள அதே கோட்டைவிடப் பல பத்து மீட்டர் உயரத்தில் இருப்பதைக் கில்பர்ட் அளந்தார். நீரின் சுமை நடுவில்தான் அதிகம். ஆகவே அது நீங்கியபோது நடுப்பகுதியே அதிகமாக எழுந்தது. பனிப்படலத்தின் சுமை இதைவிடப் பன்மடங்கு பெரியது. ஹட்சன் விரிகுடாவைச் சுற்றிய நிலம் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் எழுந்துகொண்டிருக்கிறது.

ஏரி எத்தனை ஆண்டுகள் இருந்தது என்று எண்ண முடியுமா?

சில ஏரிகளில் உண்மையாகவே விரல்விட்டு எண்ண முடியும். பனிப்பாறைக்கு முன்னே நின்ற ஆழமான ஏரியில், கோடையில் உருகுநீர் கொண்டுவரும் வெளிர்நிற நுண்மணல் படியும். குளிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு உறைந்து நீர் அசையாமல் நிற்கும்போது, மிதந்துகொண்டிருந்த மிக நுண்ணிய களிமண் கருநிறப் படலமாக இறங்கும். ஒரு வெளிர், ஒரு கரு, இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. சுவீடனைச் சேர்ந்த யெரார்ட் டி கீர் இதை 1878 முதல் கவனித்து, மாணவர்களின் துணையோடு ஊர் ஊராகக் களிமண் பள்ளங்களில் அடுக்குகளை அளந்து, ஓர் ஊரின் வரிசையை அடுத்த ஊரின் வரிசையோடு பொருத்தி, பனி பின்வாங்கிய வரலாற்றை ஆண்டு ஆண்டாக எழுதினார்.

இதை என் பிள்ளைகளுக்குக் காட்ட, ஒரு கோடையில் தடாவுக்கு அருகில் வற்றிக் கிடந்த ஏரியில் மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினோம். அரிவாளால் அதன் ஒரு பக்கச் சுவரை மழித்துவிட்டுப் பார்த்தபோது, பருமணல் கீற்றும் மேலே வழவழப்பான களிமண்ணும் மாறி மாறி வருவது தெரிந்தது. கார்த்திகை வெள்ளம் முதலில் மணலைக் கொட்டும், பிறகு கலங்கிய நீர் தெளியத் தெளியக் களிமண் இறங்கும். பிள்ளைகள் உற்சாகமாக எண்ணத் தொடங்கினார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் எண் வந்தது. கோடையில் தரை பாளம் பாளமாக வெடித்து மேல்மண் வெடிப்புக்குள் விழுகிறது. மாடுகளின் குளம்பு கலக்கிவிடுகிறது. நண்டும் மண்புழுவும் துளைக்கின்றன. ஆழமும், குளிரும், உயிர்கள் அதிகம் இல்லாத அமைதியும் சேர்ந்த ஏரியில் மட்டுமே எண்ணிக்கை பிசகாமல் கிடைக்கும் என்பதை அந்தக் குழி தெளிவாகவே உணர்த்திவிட்டது.

அடுக்குகளை எண்ண முடியாத இடங்களில், மண்ணில் புதைந்த மரத்துண்டு, கிளிஞ்சல் போன்றவற்றில் காலப்போக்கில் குறைந்துகொண்டே போகும் கதிர்க்கரிமத்தை அளந்தும், மணற்பரல் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்பதை ஆய்வகத்தில் ஒளிவிடச் செய்து அளந்தும் வயதைக் கணிக்கிறார்கள்.

இந்தியாவில் இப்படிப்பட்ட ஏரிகள் இருந்தனவா?

இமயமலைப் பகுதியில் இருந்தன. லடாக்கில் லாமயூரு என்ற ஊரின் மடத்துக்குக் கீழே, நிலவின் தரையைப் போல் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் மஞ்சள் களிமண் பழைய ஏரியின் படிவு. லே நகரத்தை அடுத்த ஸ்பிட்டுக்கிலும் சிந்து ஆறு மறிக்கப்பட்டுத் தேங்கியதன் வண்டல் இருக்கிறது. ட்சோ கார் ஏரியைச் சுற்றிய சரிவுகளில், இன்றைய நீர்மட்டத்துக்கு மிக மேலே பழைய கரைக்கோடுகளைக் காணலாம். காசுமீரப் பள்ளத்தாக்கே ஒரு காலத்தில் ஏரி. ஆனால் அது பனியணையால் உண்டானதல்ல. பீர் பஞ்சால் மலைத்தொடர் எழுந்து வடிகாலை மறித்ததால் உண்டாகி, மிக நெடுங்காலம் நீடித்தது. அதன் படிவுகளான கரேவா மேடுகளில்தான் பாம்பூரின் குங்குமப்பூ விளைகிறது.

அந்தப் பனியுகத்தில் தென்னிந்தியாவில் பனிப்பாறை இருந்ததில்லை. ஆனால் பனியுகத்தின் பதிவு இங்கும் உண்டு. நீலகிரியின் சதுப்புகளில் படிந்த கரிமண்ணை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வு, பனியுக உச்சத்தில் அங்கே மழை குறைந்து, வறட்சியைத் தாங்கும் புல்வகைகள் ஓங்கியிருந்தன என்று காட்டியது.

இன்றும் இப்படி ஏரிகள் உடைகின்றனவா?

உடைகின்றன. 2023 அக்டோபர் 3ஆம் தேதிக்கும் 4ஆம் தேதிக்கும் இடைப்பட்ட இரவில், சிக்கிமில் தெற்கு லோனாக் என்ற பனிப்பாறை ஏரி உடைந்து, தீஸ்தா ஆற்றில் வெள்ளம் பாய்ந்து, சுங்தாங்கில் இருந்த நீர்மின் அணையை அழித்தது. 2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்ததும் இவ்வகையே. இவற்றின் கரை பெரும்பாலும் பனி தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும் கலந்த மேடு.

பழவேற்காட்டு ஏரி பனியுக ஏரியா?

இல்லை. பனியுக ஏரிகள் மறைந்ததற்குக் காரணமான அதே உருக்கம்தான் பழவேற்காட்டைப் பிறப்பித்தது. என்னிடம் படித்த ஒவ்வொரு பிள்ளையும் இதை மட்டுமாவது நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன்.

பனியுக உச்சத்தில், நீரெல்லாம் பனியாக நிலத்தில் முடங்கிக் கிடந்ததால், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நின்றவர் கடலைப் பார்த்திருக்க முடியாது. கரை வெகு தொலைவு கிழக்கே இருந்தது. பாக் நீரிணை காய்ந்த நிலமாக இருந்தது. பிறகு பனி உருக, கடல் ஏறிக்கொண்டே வந்து, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான் இன்றைய மட்டத்தை நெருங்கி அடங்கியது. ஆற்று வாய்களுக்குள் உப்புநீர் புகுந்தது. ஆரணி ஆறும், காளங்கி ஆறும், சுவர்ணமுகியும் கொண்டுவந்த மணலையும், கடலோட்டம் இழுத்துவந்த மணலையும் அலைகள் நீளத் திட்டாகக் குவிக்க, அதன் பின்னால் அகப்பட்ட நீரே காயலாயிற்று. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயல் இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது.

அகாசிஸ் ஏரியின் கடைசி நீர் ஏறத்தாழ 8,200 ஆண்டுகளுக்கு முன் ஹட்சன் விரிகுடா வழியாகக் கடலில் கலந்தது. உலகக் கடல் முழுவதிலும் பரப்பினால் அது அரை மீட்டர் அளவுக்கே வரும் என்பது பரவலான மதிப்பீடு. கடலை உயர்த்திய பெரும்பங்கு பனிப்படலத்தினுடையதுதான். ஆயினும் முகத்துவாரத்தில் வலை வீசும் ஒருவரின் இடுப்பளவு நீரில் அந்த ஏரியின் பங்கும் கலந்திருக்கிறது.

பழவேற்காட்டில் இதற்கான தடயம் எதையேனும் நேரில் பார்க்க முடியுமா?

முடியும். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்தால், இருபுறமும் ஆழமற்ற நீரையும், கோடையில் வெண்மையாகப் பூத்த சேற்றுத்தரையையும் காணலாம். காயலின் அடியில் பழைய கிளிஞ்சல் படுகைகள் புதைந்து கிடக்கின்றன. சுண்ணாம்புக் காளவாய்களுக்காக நெடுங்காலம் தோண்டப்பட்டவை அவை. களிமண்ணில் அகப்பட்ட மகரந்தமும் கிளிஞ்சலும், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காயல் இன்றைய மேற்கு விளிம்பையும் தாண்டி உள்நாட்டுப் பக்கம் பரவியிருந்ததைக் காட்டியிருக்கின்றன. கடற்கரைக்கு இணையாக ஓடும் பழைய மணல்மேடுகளைச் செயற்கைக்கோள் படத்தில் வரிவரியாகப் பார்க்கலாம். கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து, அதன் பக்கத்தில் ரெட் ஆற்றுச் சமவெளியின் ஓரத்தையும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கையெழுத்து என்பது புரியும்.

ஒருமுறை காயலோரத்தில் புதிதாக வெட்டிய பள்ளம் ஒன்றில், இடுப்பு ஆழத்தில், ஆளிச் சிப்பி ஓடுகள் தட்டு அடுக்கியதுபோல் நெருக்கமாகப் படிந்திருந்ததைக் கண்டேன். ஒன்றை எடுத்துக் கழுவினேன். உள்ளங்கை முழுவதையும் நிறைத்தது. உட்புறத்தின் வழவழப்பு இன்னும் மங்கவில்லை. எங்களைப் படகில் கொண்டுவந்த அண்ணன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இவ்ளோ பெருசு எங்க வலையில வந்து நான் பாத்ததே இல்ல" என்றார்.

நீங்கள் சென்று பார்த்தால், இரண்டைக் கவனத்தில் கொள்ளுங்கள். இந்தக் காயல் இரு மாநிலங்களிலும் பறவைகள் சரணாலயம். எதையும் தோண்டவோ எடுத்துச் செல்லவோ கூடாது. ஏற்கெனவே வெட்டிய பள்ளத்தில் ஓர் ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் கவிழ்ந்து கிடந்ததோ, அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். உயிரோடு வளர்ந்த இடத்திலேயே புதைந்ததா, அலை ஒதுக்கியதா என்பதை அது கிடக்கும் நிலையை வைத்தே அடுத்து வருபவர் கண்டறிய வேண்டும்.